காசு கடக்கிறது, கோப்பு கடக்கவில்லை!

ஆனித் திங்களில் தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி வீசத் தொடங்கியதும் குற்றாலம் விழித்துக்கொள்கிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராட மக்கள் வெள்ளம்போல் வந்து கூடுகின்றனர். அச்சாரற் காலத்தில், அருவிக்கரைத் தேநீர்க் கடைகளில் நாள்தோறும் காணத்தக்க காட்சியொன்று உண்டு. நீராடி முடித்த நண்பர் இருவர் தேநீர் பருகுகின்றனர். ஒருவர் கையில் ஆண்டிராய்டு இயங்குதளத்தில் இயங்கும் திறன்பேசி. மற்றவர் கையில் ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபோன். கடைக்காரர் ஒட்டிவைத்துள்ள கட்டக் குறியீட்டை நோக்கி எவர் தம் கருவியை நீட்டினாலும் தேநீர்க்குரிய காசு மறுநொடியே கடைக்காரர் கணக்கிற் சென்று விழுகிறது. எந்த வங்கி, எந்தக் கருவி, எந்த இயங்குதளம் என்று கேட்பார் ஒருவருமில்லை.

அடுத்தாற்போல், அருவியின்முன் எடுத்த நிழற்படங்களை ஒருவர் மற்றவர்க்குத் தர முனைகின்றார். இடர்ப்பாடு அங்கே தொடங்குகிறது. ஊடலை எனும் புளூடூத்து வழியே அனுப்பினால் ஐபோன் அதனை ஏற்பதில்லை. ஐபோனிலிருந்து ஏர்டிராப்பு வழியே அனுப்ப முயன்றால் எதிர்க்கருவி அதன் கண்ணுக்கே தென்படுவதில்லை. இறுதியில் புலனம் எனும் வாட்சாப்பு வழியே அனுப்புகின்றனர். படம் போய்ச் சேர்கிறது. ஆயின் சுருங்கிச் சேர்கிறது. அருவியின் துளிகளும் மலையின் பசுமையும் மங்கிப்போகின்றன. ஒரே பலகையில், ஒரு முழ இடைவெளியில் அமர்ந்திருக்கும் இருவர்க்கிடையே காசு கடக்கிறது, கோப்பு கடக்கவில்லை!

இதனைப் பொழுதுபோக்கிற்கு வந்தவரின் சிறு தொல்லை என ஒதுக்குவார் உளர். அருவிப் படம் மங்கினால் அடுத்த சாரலில் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் உண்மையே. ஆயின், எல்லாவற்றையும் அவ்வாறு மீண்டும் எடுத்துக்கொள்ள இயலுமா?

தென்காசியைச் சூழ்ந்த சிற்றூர்களில் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். அவர்கள் பாடியவற்றுள் எஞ்சியவை பெரும்பாலும் பெயரன் பெயர்த்தியர் தம் செல்பேசியிற் பதிந்து வைத்தவையே. மலைச்சாரலின் மூலிகைப் பெயர்கள், வயலுக்கும் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் முன்னோர் வழங்கிய சொற்கள், மறைந்துபோன நெல்வகைகளின் பெயர்கள், ஊர்ப்பெயர் தோன்றிய கதைகள் என இவ்வாறு பதியப்பெற்றவை பல. அவற்றுட் பல எந்த நூலிலும் இல்லை. எந்த நூலகத்திலும் இல்லை. எளிய மக்களின் கைக்கருவியிலேயே இன்று தமிழின் பெருஞ்செல்வம் ஒன்று கிடக்கிறது.

சிங்கப்பூரில் பணிபுரியும் மகள், விடுமுறைக்கு வரும்பொழுது தந்தைக்கு ஓர் ஐபோன் வாங்கி வருகின்றாள் எனக் கொள்க. பழைய ஆண்டிராய்டுக் கருவியில் உள்ளவற்றுள் தொலைபேசி எண்கள் மட்டும் எவ்வாறோ புதிய கருவிக்கு வந்து சேர்கின்றன. ஏனையவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய கருவி மேசையறையுள் வைக்கப்பெறுகின்றது. ஈராண்டு கழிந்து எடுத்துப் பார்த்தால் மின்கலம் உப்பிக் கிடக்கிறது, கருவி உயிர்பெறவில்லை. அதற்குள் பாட்டியும் மறைந்துவிட்டாள். அவள் பாடிய பாட்டும் அவளோடு மறைந்தது. இஃது ஒரு வீட்டுக் கதையன்று. கருவி மாறும் வீடுதோறும் நிகழத்தக்கது.

பண்டு தமிழ்ச் சுவடிகளைச் செல் அரித்தது. ஆடிப்பெருக்கில் அவற்றை ஆற்றில் விட்டோரும் இருந்தனர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவ்விழப்புகளுக்குத் தமிழர் கண்ணீர் வடித்தனர். இன்றோ எரிப்பாரும் இல்லை, அரிக்கும் செல்லும் இல்லை. ஒரு கருவியை விட்டு மறு கருவிக்கு மாறும் அந்த ஒரு மாலைப்பொழுதில் ஓசையின்றித் தமிழ் அழிகின்றது. அழுவாரும் இல்லை!

சுவர் எழுந்தது எவ்வாறு?

இருவகைக் கருவிக்கும் இடையே நிற்கும் இச்சுவர் இயற்கை எழுப்பியதா? அன்று. ஆப்பிளின் ஐபோன் 2007ஆம் ஆண்டிலும் முதல் ஆண்டிராய்டுத் திறன்பேசி 2008ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. ஆண்டிராய்டுக் கருவிகள் ஊடலை வழியே ஒன்றுக்கொன்று கோப்பு அனுப்பிக்கொள்ளும். ஐபோனிலும் ஊடலை உண்டு. காதொலிக் கருவியையும் விசைப்பலகையையும் அதனோடு இணைத்துக்கொள்ளலாம். ஆயின் பிற செல்பேசியிலிருந்து ஊடலை வழியே வரும் கோப்பைப் பெறும் நெறிமுறையை ஆப்பிள் அதனுள் வைக்கவில்லை. தன் கருவிகளுக்குள் மட்டும் கோப்பு கடப்பதற்கு 2011ஆம் ஆண்டில் ஏர்டிராப்பினை அமைத்தது. கூகுள் நிறுவனமோ 2020ஆம் ஆண்டில் ஆண்டிராய்டுக்கென 'நியர்பை சேர்' என்பதனை வெளியிட்டு, 2024ஆம் ஆண்டில் அதனைச் சாம்சங்கின் 'குவிக் சேர்' என்பதனோடு ஒன்றாக்கியது.

இவ்விரண்டும் செயற்படும் முறையைக் கூர்ந்து நோக்குவார்க்கு வியப்புத் தோன்றும். ஏர்டிராப்பு, அருகில் உள்ள கருவியை முதலில் ஊடலையால் தேடிக் கண்டுகொள்கிறது. பின்னர் அருகலை எனும் வைபை வழியே இரு கருவிகளையும் நேரே பிணைத்துக் கோப்பைச் செலுத்துகிறது. குவிக் சேரும் பெரும்பாலும் அவ்வாறே செய்கிறது. இரண்டும் ஒரே வகை வானலையைப் பயன்படுத்துகின்றன. ஒன்றன் பேச்சு மற்றொன்றற்கு விளங்காதவாறு நெறிமுறைகள் வேறுவேறாக அமைந்தமையே வேறுபாடு. அருகருகே இரு வீடுகள். இரண்டுக்கும் வாயில் உண்டு. ஆயின் இடையே தெரு இல்லை!

பிறர் கருவிக்குள் வேண்டாத கோப்பை எவரும் தள்ளிவிடாமற் காக்கவே இவ்வாறு அமைத்தோம் என நிறுவனத்தார் கூறலாம். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. காப்பு வேண்டியதே. ஆயின் கதவுக்குத் தாழ் இடுவது வேறு. கதவே வையாது விடுவது வேறு. காசைவிடக் காப்பு மிகுதியும் வேண்டுவது எது? அக்காசே 2016ஆம் ஆண்டில் தொடங்கிய யூபிஐ எனும் பொது முறையால் எந்த வங்கிக்கும் எந்தக் கருவிக்கும் இடையே கடந்து செல்கிறதே! பொது நெறிமுறையும் காப்பும் ஒருங்கே இயலும் என்பதற்குக் குற்றாலத்துத் தேநீர்க் கடையே சான்று.

புலனத்தின் கதையும் இதுவே. ஆண்டிராய்டில் அதன் உரையாடற் காப்புப்படி கூகுளின் கிடங்கிற் சென்று சேர்கிறது. ஐபோனில் ஆப்பிளின் ஐகிளவுடுக் கிடங்கிற் சென்று சேர்கிறது. ஒரு கிடங்கின் படியை மறு கருவியில் திறக்க இயலாது. செயலி ஒன்றே, உரையாடியவர் ஒருவரே, கிடங்குகளோ ஒன்றையொன்று அறியா. பத்தாண்டுக்கு மேலாக இதற்கு நேர்வழி இல்லாதிருந்தது. பின்னர் 2021ஆம் ஆண்டில் ஐபோனிலிருந்து சாம்சங் கருவிக்கும், 2022ஆம் ஆண்டில் ஆண்டிராய்டிலிருந்து ஐபோனுக்கும் உரையாடலை மாற்றும் வழி திறக்கப்பட்டது. பத்தாண்டாகப் பூட்டிக் கிடந்தது இரண்டே ஆண்டில் திறந்ததெனின், அது திறக்க இயலாத பூட்டு அன்று என்பது வெளிப்படை. வாங்கியவன் வேறு கடைக்குப் போகாதிருத்தல் வணிகர்க்கு ஊதியம். ஊதியம் தரும் சுவரைத் தாமே இடிக்க எந்த வணிகரும் விரையார்.

தென்காசி இருப்புப்பாதை தரும் படிப்பினை

தென்காசி வட்டார மக்களுக்கு இவ்வுண்மை புதியதன்று. கொல்லத்தையும் செங்கோட்டையையும் மலை வழியே இணைத்த இருப்புப்பாதை 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது மீட்டர்ப் பாதை. தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர். நாட்டின் அகலப் பாதைக்கோ 1,676 மில்லிமீட்டர். ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. இருவகைப் பாதையும் சந்திக்கும் நிலையங்களில் சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கி மறுவண்டியில் ஏற்றியாக வேண்டும். பொழுது வீணாயிற்று, கூலி மிகுந்தது, மூட்டைகளும் சிதைந்தன.

அந்நிலையை மாற்ற, செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடைப்பட்ட மலைப்பாதை 2010ஆம் ஆண்டில் மூடப்பட்டு, அகலப் பாதையாக்கப்பெற்று, 2018ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. இன்று சென்னையில் ஏறியவர் தென்காசி வழியே, வண்டி மாறாது கொல்லத்தில் இறங்குகின்றார். இடையே நிகழ்ந்தது யாது? மலை நகரவில்லை, குகைகளும் கணவாயும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அளவு ஒன்றாயிற்று, அவ்வளவே. வேறுவேறு அளவுகளை வகுத்தவர்களும் மாந்தரே. அவற்றை ஒன்றாக்கியவர்களும் மாந்தரே.

இன்று இருவகைத் திறன்பேசிக்கிடையே கோப்பை மாற்ற முயல்வோர், அந்நாளில் மூட்டை சுமந்தோரைப் போன்றவர்களே. செல்பேசியிலிருந்து கணிப்பொறிக்கு இறக்கி, அங்கிருந்து மறு செல்பேசிக்கு ஏற்றுகின்றனர். ஏற்றி இறக்குகையில் சில மூட்டைகள் சிதைகின்றன. சில காணாமற் போகின்றன.

தமிழெழுத்து கடந்த வழி

வழி பொதுவானால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழெழுத்தே தலையாய சான்று. கணிப்பொறியில் தமிழ் புகுந்த தொடக்கக் காலத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் குறியேற்றம் வகுத்துக்கொண்டனர். ஒரு கணிப்பொறியில் எழுதிய தமிழ் மறு கணிப்பொறியில் பொருளற்ற குறிகளின் கூட்டமாகத் தெரிந்தது. கடிதம் அனுப்பியவர் எழுத்துருவையும் உடனனுப்ப வேண்டியிருந்தது. தமிழர் தமிழரோடு தமிழில் எழுதிக்கொள்ள இயலாத இழிநிலை அது!

அதனைத் தீர்க்கத் தமிழறிந்த கணிப்பொறியாளர்கள் 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் 1999ஆம் ஆண்டில் சென்னையிலும் கூடினர். சென்னை மாநாட்டின் வழி 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. தாம், தாப் எனும் குறியேற்றங்களும் வந்தன. மறுபுறம், உலக மொழிகட்கெல்லாம் பொதுவான ஒருங்குறி, 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட கட்டம் ஒன்றை வைத்திருந்தது. இந்திய அரசின் பழைய குறியேற்றத்தைப் பின்பற்றியதாதலின் அதில் குறைகள் பல. 'க்' எனும் தனி மெய்க்கு இரண்டு குறிகள். அகரமேறிய 'க'வுக்கோ ஒரு குறி. 247 எழுத்தும் தனித்தனி இடம் பெறவில்லை. இக்குறை நீங்க, எழுத்துக்கொரு குறி தரும் 'தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றம்' வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டில் இவ்விரண்டையும் தரமாக ஏற்றது. அவ்வாண்டிலேயே கிரந்த எழுத்துகளைத் தமிழோடு கலக்க எழுந்த முன்மொழிவுகளைத் தமிழுலகம் விழித்துக்கொண்டு எதிர்த்தது.

செல்பேசியிலும் தமிழ் எளிதில் நுழையவில்லை. ஆங்கிலத்தில் 160 எழுத்துக்கு இடந்தரும் குறுஞ்செய்தி, ஒருங்குறித் தமிழில் 70 குறிகளுக்கே இடந்தருகிறது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 2005ஆம் ஆண்டில் செல்லினத்தை வெளியிட்டுக் கைப்பேசியில் தமிழ் எழுத வழிகாட்டினார். தொடக்கக் கால ஆண்டிராய்டுக் கருவிகள் பலவற்றில் தமிழெழுத்து வெறுங்கட்டங்களாகவே தெரிந்தது. இன்று அந்நிலை இல்லை. தென்காசியில் ஆண்டிராய்டில் எழுதிய தமிழ், தொரண்டோவில் ஐபோனில் ஓரெழுத்தும் பிறழாது தெரிகிறது. ஒருங்குறி குறையுடைய வழியே. ஆயினும் பொது வழி. பொது வழியாதலின் தமிழ் கடந்தது. இனிக் கடக்க வேண்டுவன அவ்வெழுத்தைத் தாங்கிய கோப்புகளே.

இன்று செய்யத்தக்கன

சுவர் இடியும்வரை கைகட்டிக் காத்திருத்தல் அறிவுடைமை ஆகாது. தமிழன்பர்கள் இன்றே செய்துகொள்ளத்தக்கன பல உள.

ஆண்டிராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுவோர்க்கு ஆப்பிள் 2015ஆம் ஆண்டு முதல் 'மூவ் டு ஐஓஎசு' எனும் செயலியைத் தருகிறது. புதிய ஐபோனை முதன்முதல் அணியப்படுத்தும்பொழுதே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும். புலன உரையாடலை ஆண்டிராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொணர்வதற்கும் 2022ஆம் ஆண்டில் திறந்த வழி இச்செயலியின் வழியே. ஐபோனிலிருந்து மறுபுறம் மாறுவோர்க்குக் கூகுளின் 'சுவிட்ச் டு ஆண்டிராய்டு' 2022ஆம் ஆண்டில் வந்தது. எவ்வழியாயினும், புதிய கருவியில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும் முன்னர்ப் பழைய கருவியைத் துடைத்தலும் விற்றலும் கூடா.

அவ்வப்பொழுது கோப்பு மாற்றுவதற்கு 'லோக்கல்செண்டு' எனும் செயலி சிறந்தது. விலையின்றிக் கிடைப்பது, அதன் நிரல் எவரும் படித்துப் பார்க்கத் திறந்து வைக்கப்பட்டுள்ளது, இருவகைக் கருவியிலும் கணிப்பொறியிலும் இயங்குவது. இரு கருவிகளும் ஒரே அருகலையில் இருந்தாற் போதும். அருகலை இல்லாவிடத்து ஒரு செல்பேசியின் அருகலைப் பகிர்வை இயக்கி, மற்றொன்றை அதனோடு இணைத்துக்கொள்ளலாம். இணையம் வேண்டுவதில்லை. கோப்பு கடல்கடந்த கிடங்கிற்குப் போய்த் திரும்பாமல் கையிலிருந்து கைக்கே செல்கிறது. இணையம் எட்டாத மலையடிவாரத்திலும் இது செயற்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டத்தின் விளைவாக, 2023ஆம் ஆண்டில் வந்த ஐபோன் 15 முதல் ஆப்பிளும் 'யூஎசுபி-சி' எனும் பொது இணைப்புவாயை ஏற்றுக்கொண்டது. ஆகவே அவ்வாய் கொண்ட விரல்நினைவகம் ஒன்றே இருவகைக் கருவிக்கும் போதும். அதனை 'எக்சுபேட்' முறையில் அமைத்துக்கொள்க. பழைய 'பேட் 32' முறை 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்பதில்லை.

புலனத்தில் படம் அனுப்பும்பொழுது அதனைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது. 2 கிகாபைட்டு அளவுவரை செல்லும். ஐபோன்கள் 2017ஆம் ஆண்டு முதல் நிழற்படங்களைப் புதிய வடிவமொன்றில் சேமிக்கின்றன. பழைய கருவிகள் சில அதனைத் திறப்பதில்லை. படக்கருவி அமைப்பில் 'மிகவும் இணக்கமானது' எனும் பொருள்படும் தெரிவை இட்டால் எங்கும் திறக்கும் 'சேபெக்கு' வடிவிலேயே படம் பதியும். தொலைபேசி எண்களை 'விசிஎப்' கோப்பாக எடுத்தால் இருபுறமும் ஏற்கும். பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய மலர்களும் உரைகளும் வைத்திருப்போர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே செல்பேசிக்கு அனுப்புக; இன்றேல் பழைய இழிநிலையே மீளும்.

அனைத்திற்கும் மேலாக ஒன்று: கோப்புக்குத் தமிழிற் பெயரிடுக. பாடியவர் பெயர், ஊர், நாள் மூன்றும் பெயரில் இருத்தல் வேண்டும். பெயரில்லாக் கோப்பு கடந்து வந்தாலும், பேரப்பிள்ளைக்கு அஃது எவர் குரல் என்று தெரியாது. செல்பேசியிலன்றி வேறோரிடத்திலும் ஒரு படி இருத்தல் வேண்டும். ஒரே படியுள்ள கோப்பு, கிணற்றின் விளிம்பில் வைத்த குடத்தை ஒக்கும்.

தனியார் வீடும் பொதுத் தெருவும்

நிறுவனம் ஒன்றையே நம்பியிருத்தலின் கேட்டை இந்நாட்டு மக்கள் ஒருமுறை பட்டறிந்தனர். இருவகைக் கருவிக்கிடையே கோப்பு மாற்றச் சிற்றூர்வரை பரவியிருந்தவை 'சேரிட்டு', 'செண்டர்' எனும் சீனச் செயலிகள். 2020ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் இவையிரண்டும் இருந்தன. தடையின் ஞாயம் ஒருபுறம் இருக்க, மக்கள் நடந்த வழி ஒரே ஆணையால் அடைபட்டது. தனியார் வீட்டின் ஊடே செல்லும் வழி என்றேனும் மூடப்படும். பொதுத் தெரு மூடப்படுவதில்லை.

ஐரோப்பியர் இதனை உணர்ந்து சட்டம் செய்தனர். 2022ஆம் ஆண்டில் அவர்கள் இயற்றிய எண்மச் சந்தைச் சட்டம், பெருநிறுவனங்களின் கருவிகளும் செயலிகளும் பிறருடையவற்றோடு உறவாட வழிவிடுதல் வேண்டும் என விதித்தது. சுவரில் விரிசலும் காணத் தொடங்கிவிட்டது. 2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கூகுள், தன் பிக்சல் 10 கருவிகளின் குவிக் சேர் வழியே ஐபோனின் ஏர்டிராப்புக்குக் கோப்பு அனுப்பவும் பெறவும் இயலும் என அறிவித்தது. ஐபோன் வைத்திருப்பவர் 'அனைவர்க்கும் 10 மணித்துளி' எனத் தம் ஏர்டிராப்பைத் திறந்துவைத்தல் வேண்டும். இயலாது என்றிருந்தது இயன்றுவிட்டது. ஐரோப்பியர்க்கு இயன்ற சட்டம் இந்நாட்டார்க்கு இயலாதா? யூபிஐயில் வங்கிகளை ஒரே தெருவிற்குக் கொணர்ந்த நாடு, கருவிகளையும் கொணரலாகாதா? இதனைக் கேட்கும் குரல் தமிழ்நாட்டிலிருந்து எழுதல் வேண்டும். தமிழ்நாட்டு மன்றங்களிலும் ஒலித்தல் வேண்டும்.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011ஆம் ஆண்டு முதல் சோகோ நிறுவனத்தின் மென்பொருட் பணியகம் இயங்குகிறது. அந்நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்திச் செயலிக்கு 'அரட்டை' என்று தமிழிலேயே பெயரிட்டது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அச்செயலி நாடெங்கும் பரவியபொழுது, தமிழறியாதாரும் அத்தமிழ்ச் சொல்லைப் பழகி ஒலித்தனர். அறிவியற் கருவிக்குத் தமிழ்ப்பெயர் ஒவ்வாது என்பாரின் வாயை அஃது அடைத்தது. 'செண்ட் பண்ணு', 'சேர் பண்ணு' என்று வீட்டிற் பேசித் திரியும் தமிழர் இதனை எண்ணி நாணுதல் வேண்டும். 'அனுப்பு', 'பகிர்' எனும் சொற்கள் அவர்கள் நாவிற்கு எவ்வகையிற் சுமையாயின? ஆண்டிராய்டுக் கருவியின் திரைமொழியைத் தமிழாக்கிக்கொள்ளும் ஏந்து பல்லாண்டாக இருந்தும் அதனைப் பயன்படுத்தாதவர் எத்தனையோ பேர்!

ஆயினும், தமிழ்ப்பெயர் பூண்டது என்பதனாலேயே ஒரு செயலி பொதுத் தெரு ஆகிவிடாது. அந்நிறுவனத்தை நிறுவிய சிரீதர் வேம்பே 2025ஆம் ஆண்டில், செய்திச் செயலிகள் மின்னஞ்சலும் யூபிஐயும்போல் ஒன்றோடொன்று உறவாடுவனவாதல் வேண்டும் எனக் கருத்துரைத்தார். அஃது ஏற்கத்தக்க கருத்து. சொன்னவரையும் ஏனையோரையும் அக்கருத்தாலேயே அளந்து நோக்குதல் மக்கள் கடன். எவர் செயலியாயினும், தன் கோப்பை வேண்டும்பொழுது முழுமையாக, எங்கும் திறக்கும் வடிவில் எடுத்துச் செல்ல விடுகிறதா என்பதே உரைகல்.

குற்றால மலையில் பல முகமாய் வீழும் நீர் சிற்றாறாய்த் தென்காசியைக் கடந்து, வழிநெடுகக் குளங்களை நிரப்பிச் சென்று, பொருநையிற் கலக்கிறது. பேரருவி நீர் என்றும் ஐந்தருவி நீர் என்றும் எந்த மடையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பொதுவாய்க் கிடக்கும் ஆறே வயல்களைக் காக்கிறது. தமிழின் குரலும் எழுத்தும் நினைவும் அவ்வாறே கருவிக்குக் கருவி, தலைமுறைக்குத் தலைமுறை தடையின்றிச் செல்லுதல் வேண்டும். சட்டம் வரும்பொழுது வரட்டும். பழைய செல்பேசி மேசையறையில் கிடக்கும் ஒவ்வொரு தமிழ்வீட்டாரும் இந்தத் திங்களுக்குள் அதனை எடுத்து, மின்னேற்றி, அதனுள் உறங்கும் தாய்க்குரலை வெளிக்கொணர்ந்து, பெயரிட்டு, இரு படி எடுத்து வைப்பாராக!

வழி பொதுவாகுக! தமிழ் தடையின்றிக் கடக்க!